மாமியிடம் கெஞ்ச முடியாது

நோயின் முதல் அறிகுறி எனக்குப் பள்ளிவாசலில் வந்தது. அன்று ஜும்ஆவில் போதைப்பொருளைப் பற்றிக் குத்பா பிரசங்கம். என் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் துடைக்கத் தன் லேஞ்சியை நீட்டினார். தொழுகை முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்து, "உங்களப் போல கல்பு இளகின மனிசன் ஊருக்கு நாலு பேர் இருந்தாக் காணும்" என்றார்.

காலையில் மாத்திரை போட மறந்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

நான் நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவன். நாளெல்லாம் அந்தக் குலுக்கலில் இருந்து முதுகு பழுதாகிவிட்டது. டொக்டர் ட்ரமடோல் (அபின் வகையைச் சேர்ந்த கடும் வலி மாத்திரை) இரண்டு கிழமைக்கு, பதினாலே நாளைக்கு, எழுதித் தந்தார். நான் அதை மூன்று வருடத்துக்கு நீட்டினேன். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு கேட்காமல் தரும் ஒரு பார்மசி வாய்த்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு எட்டானது.

முதலில் வலிக்காகப் போட்டேன். பிறகு கோபம் வராமல் இருக்க, பிறகு தூங்க, பிறகு எழும்ப. ஆனாலும் நான் போதைக்காரன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போதைக்காரன் என்றால் கடற்கரைப் பக்கம் ஒதுங்குகிறவன், ஐஸ் (படிகமாக வரும் போதைப்பொருள்) பாவிக்கிறவன். நான் டொக்டர் கையெழுத்தில் தொடங்கிய கண்ணியமான மனிதன்.

அந்தப் பார்மசி நாலு நாள் பூட்டிக் கிடந்தபோது கண்ணியம் கிழிந்தது. வயிற்றோட்டம், வாந்தி, ஓயாத கொட்டாவி. கால்கள் பாயில் கிடந்து தாமாகவே உதைத்தன.

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டில் குடியேறுவது. வீடு என் மனைவி நஸீமாவுடையது. அடுப்படி அவளுடைய உம்மாவுடையது. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை, அது மரியாதை. இப்போதைய பொடியன்கள் கதைக்கிறார்கள், நான் பழைய ஆள். பத்தொன்பது வருடமாக எங்கள் செய்தியெல்லாம் நஸீமா வழியாகத்தான் போய்வந்தது.

தான் ஆக்கிய கணவாய்க் கறிதான் என்னைக் கவிழ்த்துவிட்டது என்று மாமி முடிவு செய்து, சட்டியோடு கொட்டினார். இரண்டு நாள் அவர் முகம் செத்துப்போய் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் என் கண்மணியைப் பார்த்துவிட்டு, "என்ன குளிசை பாவிக்கிறீங்க? உண்மையச் சொல்லுங்க" என்றார். மாத்திரையின் பெயரையும் கணக்கையும் சொன்னேன். மறைப்புத் துணிக்குப் பின்னால் இருந்து மாமியின் குரல் வந்தது.

"அப்ப கணவாயில ஒண்டுமில்ல."

மருமகன் போதைக்கு அடிமை என்ற செய்தி அவருக்கு இரண்டாவதாகத்தான் போய்ச் சேர்ந்தது.

டொக்டர் விளக்கினார். "வலியக் குறைக்கிற சாமான மூளை தானாவே செய்யும். வெளியில இருந்து மூட்டை மூட்டையா வந்தா, நமக்கென்ன வேலை எண்டு அது விட்டிரும். இப்ப உங்களுக்கு ரெண்டும் இல்ல." டோபமைன் (இது நல்லது, மறுபடி செய் என்று மூளைக்குள் சொல்லும் இரசாயனம்) பற்றியும் சொன்னார். மாத்திரை அட்டையின் சத்தத்தைக்கூட மூளை பாடமாக்கி வைத்துக்கொள்ளுமாம். மகள் டொபி உறையைக் கிழிக்கும்போது எனக்கு வாயூறியதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

"மனசத் திடப்படுத்தினா விட ஏலாதா, டொக்டர்?"

"மனசத் திடப்படுத்தினா சீனி வருத்தம் சுகமாகுமா? இதுவும் அப்படி ஒரு நோய்தான். எட்டுக் குளிசையில உங்களுக்கு வலிப்பு வராததே பெரிய விஷயம். கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம். ஆசை ஏறும், பிறகு தானா இறங்கும். அந்த அரை மணித்தியாலத்தத் தாண்டினாக் காணும்."

நஸீமா ஒன்றுதான் சொன்னாள். "இன்னொருக்கா கணக்குக்கு மிஞ்சிப் போட்டீங்கண்டா, உங்கட உம்மாட ஊட்டுக்குப் போயிருங்க." சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாத்திரையை யார் பொறுப்பில் வைப்பது என்ற கேள்வி வந்தது. நஸீமா கையை நீட்டினாள். "அவர் கெஞ்சினாக் குடுத்திருவீங்களா?" என்று டொக்டர் கேட்க, அவள் தலையைக் குனிந்தாள்.

துணிக்குப் பின்னால் இருந்து மறுபடி குரல். "என்னட்டத் தாங்க. அவர் என்னோட கதைக்கிறல்ல. எப்படிக் கெஞ்சுவார்?"

டொக்டர் சிரித்துவிட்டார்.

அப்படித்தான் நடந்தது. நேரத்துக்கு நேரம், அடுப்படி வாசலில் ஒரு பீரிசுத் தட்டில் மாத்திரை வரும். நான் விழுங்கும்வரை மாமி நிற்கும் வாசல் திரை அசையாது. எட்டு ஆறாகி, ஆறு நாலானது. மனதுக்குள் உருக்கமான பேச்சுகள் தயாரித்தேன். அந்தத் திரைக்கு முன்னால் நின்றால் நாக்கு எழும்பாது. வீட்டுப் பூனையிடம் சொல்லிப் பார்த்தேன். அது போய்ச் சொல்லவில்லை.

ஒன்றாகக் குறைந்த கிழமையில் உடைந்துபோனேன். நஸீமா பாடசாலைக்குப் படிப்பிக்கப் போயிருந்தாள். மேலெல்லாம் எறும்பு ஊர்ந்தது. திரைக்கு முன்னால் நின்று, "மாமி, இன்னும் ஒண்டே ஒண்டு தாங்க" என்றேன்.

பத்தொன்பது வருடத்தில் அவரிடம் நான் கதைத்த முதல் கதை இது.

திரைக்குப் பின்னால் அவர் உட்காரக் கதிரையை இழுக்கும் ஒலி. "மருமகன், கதைக்கிறண்டா இருந்து கதைங்க. குளிசை தரமாட்டன்" என்றார். நான் வாசலில் குந்தினேன். எனக்குக் கதை வரவில்லை. அவர் தன் முழங்கால் வலியைப் பற்றித் தொடங்கினார். வலது கால், இடது கால், பூசிய எண்ணெய், கேட்காத எண்ணெய். நான் வியர்த்து வழிந்துகொண்டு "ஓம், மாமி" போட்டேன். இடது முழங்காலுக்கு வந்தபோது டொக்டர் சொன்ன அரை மணித்தியாலம் தாண்டியிருந்தது; எறும்பும் ஊரவில்லை.

இதே வழியில் நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் போங்கள். மாத்திரையை உங்களால் கெஞ்ச முடியாத ஒருவரிடம் கொடுங்கள்.

இப்போது ஏழு மாதம் மாத்திரை இல்லை. ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதுகு வலிக்கிறது; எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. முன்பு என் நாள் ஒரு மாத்திரையிலிருந்து அடுத்ததுவரை மட்டும்தான். மதியத் தொழுகை லுஹருக்கும் அடுத்த தொழுகை அஸருக்கும் நடுவே இவ்வளவு நேரம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

அப்படி ஒரு பின்நேரத்தில், அன்று மாமியிடம் கெஞ்சியதை நஸீமாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும். உம்மா அண்டைக்கே செல்லிட்டா."

"பிறகேன் என்னை என்ட உம்மாட ஊட்டுக்கு அனுப்பல்ல?"

"அரை மணித்தியாலம் உம்மாட முழங்கால் கதையக் கேட்டுக்கிட்டு இருந்த மனிசன ஆரு ஊட்ட விட்டு அனுப்புவா?"

அடுப்படியில் இருந்து மாமி என்னைக் கூப்பிட்டார். இப்போது தோள்பட்டையும் வலிக்கிறதாம். போய் உட்கார்ந்தேன். அஸருக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.