கணுக்காலுக்கும் எட்டாத கன்னிக்கால்

சின்ன மாமா ஒஸ்லோவில் எங்கள் குரோருட் வீட்டு வாசலில் நின்ற கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது: தாடியெல்லாம் பனி, தோளில் பை, ஜாக்கெட்டுக்குள் கைக்குழந்தையைப் போல ஓர் ஐஸ்கிரீம் டப்பா. இரண்டாயிரங்களின் ஒரு தை மாதம். தங்கச்சியின் கலியாணம் நெருங்கியிருந்தது. மாமா அப்போது நோர்வேயின் வடகோடியில், துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார்.

அந்தக் கலியாணம் ஒரு தடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரிலே கலியாணத்துக்கு முன் நல்லநாள் பார்த்து, முள்முருக்கில் ஒரு கிளை வெட்டிவந்து கன்னிக்காலாக ஊன்றுவோம். துளிர்த்தால் நல்ல சகுனம். ஒஸ்லோவில் முருக்கும் இல்லை, தையில் எந்த மரத்திலும் ஓர் இலையும் இல்லை. மற்றவர்கள் ஏதோ ஒரு மொட்டைக் கிளையை நட்டுச் சமாளித்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் சமாளிக்கிற ஆள் அல்ல. காய்ந்த தடிக்கு முன்னால் தன் மகன் தாலி கட்டமாட்டான், உயிருள்ள மரம் கிடைக்காவிட்டால் ஆவணிக்குத் தள்ளுவோம் என்றுவிட்டார். தங்கச்சியோ மோர்டென்ஸ்ருட்டில் மாப்பிள்ளையும் அவளுமாக வாங்கிய வீட்டுக்குத் திரைச்சீலை வரை தைத்து முடித்திருந்தாள். மரம் தாய்மாமன் பொறுப்பு என்று சின்ன மாமா தொலைபேசியில் சொன்னதை நம்பி, நாங்களும் ஒரு மரத்தை எதிர்பார்த்திருந்தோம்.

டப்பாவைத் திறந்தார். மண். மண்ணுக்கு மேலே, சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு இரண்டு குச்சிகள்.

“மாமா, இது கீரையெல்லோ?” என்றாள் தங்கச்சி.

“மரம் பிள்ளை. துருவத்து வில்லோ. அங்கை காடு எண்டால் இதுதான். நாங்கள் காட்டுக்கு மேலாலைதான் வேலைக்கு நடக்கிறனாங்கள்.”

தீவில் பூப் பறித்தாலே குற்றமாம்; அதனால் வரும் வழியில் ட்ரொம்சோ நகரில் காசு கொடுத்து வாங்கினாராம். நிமிர்ந்தால் காற்று தலையைக் கொய்துவிடும் என்று உடம்பை மண்ணுக்குள் ஒளித்துக்கொண்டு விரல்நுனியை மட்டும் வெளியே நீட்டுகிற மரமாம். அன்று தொடங்கி வீடே குனிந்து திரிந்தது. ஹீட்டருக்கு மேல் ஜன்னலோரம் வைத்தோம். சூடு பட்டதும் கோடை வந்துவிட்டதென்று அது ஏமாந்தது; மொட்டுகள் வீங்கின. பிரசவ அறை வாசலில் நிற்பவர் போல மாமா அதைச் சுற்றிச்சுற்றி நடந்தார்.

கன்னிக்கால் ஊன்ற வந்த ஐயர் முதலில் மரத்தைத் தேடினார். காட்டியதும் கண்ணாடி போட்டார். வழக்கப்படி மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்ட வேண்டும். துணியை வைத்ததும் மரம் காணாமற்போனது. மாமா யோசிக்கவில்லை. நடுவில் துளையுள்ள ஒரு குரோனர் நாணயத்தை எடுத்து, மோதிரம் போடுவது போலக் குச்சியில் இறக்கினார். ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார்; வேறு வழி?

அப்போது மாப்பிள்ளையின் தாயார் எழுந்தார். முழங்கால் வருத்தக்காரி, கோயிலிலும் கதிரையில் இருந்தபடிதான் கும்பிடுவார். சேலையை ஒதுக்கி, அலுமாரியை மாடிப்படியில் இறக்குவது போலத் தன்னை மெல்ல மெல்ல இறக்கி, முகத்தை டப்பாவுக்குள் வைத்தார். தங்கச்சியின் நகம் என் கையில் பதிந்தது. நாணயத்துக்கு மேலே, கடுகளவில் இரண்டு பச்சை.

“உயிர் கிடக்குது. கலியாண வேலையைத் தொடங்குங்கோ,” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “என்னை ஆரும் எழுப்பிவிடுங்கோ.”

மாமாவும் ஐயரும் ஆளுக்கொரு கை பிடித்தார்கள்.

இப்போது அலங்காரக்காரர்களே கூரையை முட்டும் பிளாஸ்டிக் முருக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள், ஒருவரும் குனிவதில்லை. அந்த அம்மா மட்டும் அதன் கீழே கதிரையில் இருந்துகொண்டு, எங்கடை கலியாணத்து மரத்தை நீங்கள் பார்த்திருக்கவேணும் என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கையை உயர்த்திக் காட்டுகிறார். கலியாணத்துக்குக் கலியாணம் கை ஒரு சாண் ஏறுகிறது. சின்ன மாமா திருத்துவதில்லை. போன மாதம் மரம் தோள்வரை வந்திருந்தது.