பின்கதவு லொக்கும் ஜுனைத் ஹாஜியாரின் சாவியும்

1. முன்னுக்கு வரும் வாசம்

புத்தளத்தில் ஒரு வாகனக் கம்பனியின் வேர்க்‌ஷொப்பில் சேர்விஸ் அட்வைசராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு ஜீப் நாறிக்கொண்டு வந்து நின்றது.

யுத்தம் முடிந்த பிறகு, கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாம் குடும்பத்தோடு போய்வர ஏழு சீட் ஜீப் வாங்கிய காலம் அது. சேர்விஸ் அட்வைசர் என்றால் பெரிய உத்தியோகம் என்று என் வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் வேலை இவ்வளவுதான்: வாகனச் சொந்தக்காரர் திட்டுவதைக் கேட்க வேண்டும். திட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஜொப் கார்ட்டில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். சில நாட்களில் கழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

அன்று வந்தவர் ஆலங்குடா ஜுனைத் ஹாஜியார். தொண்ணூறில் ஆயுத இயக்கத்தால் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி, கருவாட்டு வியாபாரத்தில் தலையெடுத்தவர்.

"தம்பி, ஏசி போட்டா நாறுது. புது ஜீப்பு. என்ன சாமானய்யா வித்திரிக்கீங்க?"

டிக்கியைத் திறந்து பார்த்தேன். பெட்டி பெட்டியாக நெத்தலிக் கருவாடு.

"ஹாஜியார், இது கருவாட்டு வாசம்."

"கருவாடு எனக்குத் தெரியாதா? அது பின்னுக்குத்தானே இரிக்கி. வாசம் என்னத்துக்கு முன்னுக்கு வருது? அதச் சொல்லுங்க."

'வாசம் முன்னுக்கு வருகிறது' என்றே கார்ட்டில் எழுதினேன். மெக்கானிக் காமினி அதை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

சாவியைக் கேட்டேன். ஹாஜியார் தரவில்லை. தானே ஜீப்பை ஓட்டி ரேம்பில் ஏற்றினார். இறங்கி, சாவியைச் சாரத்து பெல்ட்டின் பைக்குள் போட்டு பட்டனை அமத்தினார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் வேர்க்‌ஷொப்பில் சாவிகளை மாட்டி வைக்க ஒரு பலகை உண்டு. அவருடைய சாவி மட்டும் அதில் ஒருநாளும் தொங்கியதில்லை. மனிதர் கொஞ்சம் கஞ்சம், சாவியைக் கொடுக்கவும் மனம் வராது என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

கம்ப்ளைன்ட் சொல்ல மட்டும் மாதம் தவறாமல் வருவார். வைப்பர் அழுகிறது. ஹோர்ன் அடித்தால் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப்பில் சீட் உயரம், தன்னுடையதில் பதிவு. இரண்டும் ஒரே மொடல் என்று சொன்னால் அதற்கும் ஒரு கம்ப்ளைன்ட்.

2. கொழும்பிலிருந்து ஒரு இனிப்பான குரல்

அந்த நேரம்தான் ரீகோல் வந்தது. ஒரு மொடலில் பிழை இருப்பதைக் கம்பனியே கண்டுபிடித்து, விற்ற வாகனங்களை எல்லாம் வரச்சொல்லி, அந்தப் பார்ட்ஸை இலவசமாக மாற்றிக் கொடுப்பதற்குப் பெயர்தான் ரீகோல். ஹாஜியாரின் மொடலில் பிழை பின்கதவு லொக்கில். உள்ளே இருக்கும் பல் உடையக்கூடியது. உடைந்தால் ஓடும்போதே கதவு தானாகத் திறந்துவிடும். மற்ற ஊர்களில் டிக்கியில் சூட்கேஸ் இருக்கும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் இருப்பார்கள்.

கொழும்பு ஒபீசிலிருந்து ஒரு பெண்பிள்ளை எல்லாருக்கும் கோல் எடுத்து, எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். வாகனத்தை உடனே கொண்டுவந்து ஒப்படையுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். எப்போது திரும்பப் பெறலாம் என்று பின்னர் அறிவிப்போம்.

சிலாபத்திலிருந்து வந்தார்கள். வண்ணாத்திவில்லுவிலிருந்தும் வந்தார்கள். ஆலங்குடாவிலிருந்து ஒரு ஜீப்கூட வரவில்லை. மாதம் தவறாத ஹாஜியாரும் வரவில்லை. அதை மனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"நீ போய்ப் பார். சும்மா மாத்தித் தர்றதுக்கும் ஆளைத் தேடிப் போகணுமா?" என்றார் மனேஜர்.

3. எந்த ஜீப்?

ஆலங்குடாவில் பஸ்ஸால் இறங்கியதும் கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"ஹாஜியார்ட ஜீப்பா? எந்த ஜீப்?"

பக்கத்தில் நின்ற இன்னொருவர், ஜீப்பை வள்ளத்தில் ஏற்றி உச்சமுனைத் தீவுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். உச்சமுனைக்குப் போகிற வள்ளத்தில் அந்த ஜீப்பின் ஒரு டயரை வைத்தால் ஆள் ஏற இடமிருக்காது. ஊரே ஒரு கட்சியில் நிற்கிறது என்று விளங்கியது.

ஹாஜியார் வாசலிலேயே என் ஸலாமுக்குப் பதில் சொல்லி, உள்ளே உட்கார வைத்தார்.

"ஜீப்பைக் காணயில்ல ஹாஜியார்?"

"வீட்டுல இல்ல தம்பி."

"வித்துட்டீங்களா?"

"விக்கிற பொருளா அது?"

"அப்ப எங்க?"

"தேத்தண்ணி குடிங்க தம்பி."

ஹஜ் செய்த மனிதர், பொய் சொல்ல மாட்டார். ஆனால் உண்மையை இவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிற ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. நேராகக் கேட்டால் விடியும்வரை தேத்தண்ணிதான் கிடைக்கும். ஆளின் பலவீனம் எனக்குத் தெரியும். ரீகோல் கதையை அப்படியே விட்டேன்.

"சரி ஹாஜியார். எப்பிடியும் உங்கட மொடலுக்குக் கொழும்புல நல்ல பேர். ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்லாத ஜீப்பாம். எனக்கிட்டயும் கேட்டாங்க."

கோப்பை பாதி வழியில் நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம், ஒரு குறையும் இல்ல எண்டு சொல்லிட்டன்."

"ஒரு குறையும் இல்லயா?"

"என்ன குறை இரிக்கி?"

அவ்வளவுதான். கோப்பை மேசைக்குப் போனது, ஹாஜியார் எழும்பினார். "வைப்பர் அழுகுது! ஏசி நாறுது! பின்கதவு கடகடண்டு அடிக்கிது! முந்தாநாள் மாம்புரி வளைவுல கதவு தானாத் தெறந்திட்டு! கயித்தால கட்டித்தான் புள்ளைகள மதரசாவுக்கு ஏத்திக்கிட்டுப் போறன்! குறை இல்லயாம், குறை!"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "மெதுவாக் கதைங்களேன். இவ்வளவு நேரமும் ஒளிச்சதெல்லாம் என்னத்துக்கு?"

வெற்றிச் சிரிப்பு சிரிக்கத்தான் தயாராக இருந்தேன். சிரிப்பு வரவில்லை.

"புள்ளைகள் எங்க இருந்து போறாங்க ஹாஜியார்?"

"பின்னுக்குத்தான். கருவாட்டுப் பெட்டிக்கு மேல. நாலு பேத்திமார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயதையும் பார்க்காமல் சத்தம் போட்டேன். "அந்தக் கதவுக்குத்தான் கூப்பிட்டது! லொக் உடையப் போகுது. கயிறு புள்ளைகளப் புடிக்குமா?"

ஹாஜியார் மெல்ல உட்கார்ந்தார். கை தானாக பெல்ட் பைக்குப் போனது.

"மன்னார்ல எனக்கு லொறி ஒண்டு இரிந்திச்சி தம்பி. ஊர விட்டு வெளிக்கிடச் சொன்ன நாள், சாவிய மேசையில வெச்சிட்டுப் போங்க, திருப்பி எடுக்கிறதுக்குப் பிறகு சொல்லி அனுப்புவம் எண்டாங்க. இன்னும் சொல்லி அனுப்பயில்ல. உங்கட கொழும்புப் புள்ளையும் அதே கதையத்தான் சொன்னா. குரல்தான் இனிப்பு."

அந்த பெல்ட் பை எனக்கு அன்றுதான் விளங்கியது. நாங்கள் சிரித்த சிரிப்பை எல்லாம் நினைக்க வெட்கமாக இருந்தது.

4. கொப்பரா வாடி

மனேஜரிடம் கோலில் சொன்னேன். ரீகோல் வேலையை வேர்க்‌ஷொப்புக்கு வெளியே செய்ய விதி இல்லை என்றார். வேர்க்‌ஷொப்புக்கு வர மாட்டேன் என்கிற ஜீப்புக்கும் விதி இல்லையே சேர் என்றேன். "பழைய லொக் என்ட மேசைக்கு வரணும். எங்க கழட்டினது எண்டு நான் கேக்க மாட்டன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காமினியும் நானும் புது லொக்கோடு வானில் போனோம். ஹாஜியார் வழிகாட்ட, மாம்புரியில் அவருடைய மருமகனின் தென்னந்தோட்டத்துக்குள் நுழைந்தோம். தேங்காய் காயவைக்கும் கொப்பரா வாடிக்குள் தென்னங்கிடுகால் மூடிய ஒரு ஜீப் நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. எல்லாம் ஒரே மொடல். காமினி தலையில் கைவைத்து, "அம்மோ, இங்க ஷோரூமே நடக்குது" என்றான்.

ஹாஜியார் கதிரை கொண்டுவரச் சொல்லி ஜீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காமினி பழைய லொக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். பெருவிரலால் ஒரு அமத்து அமத்தினார். பல் முறிந்து மண்ணில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தார்.

"இதையா நான் கயித்தால கட்டி ஓடினன், யா அல்லாஹ்" என்றார். அப்புறம் தென்னைகளின் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டார். "வாங்கடாப்பா வெளிய! இவங்க எடுத்துட்டுப் போக வரயில்ல!"

மரங்களுக்குப் பின்னாலிருந்து மற்ற இரண்டு சொந்தக்காரர்களும் வந்தார்கள். ஒருவருக்கு ஹோர்ன் சரியில்லை. மற்றவருக்கு சீட் பதிவு.

5. சாவிப் பலகை

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கம்ப்ளைன்ட் சொல்கிற ஆளுக்குப் பயப்படாதீர்கள். வராமல் போகிற ஆளைத் தேடிப் போங்கள். வாகனத்தை வாங்கி வைக்குமுன், எப்போது திரும்பக் கிடைக்கும் என்று வாயால் சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள். அன்றிலிருந்து எங்கள் வேர்க்‌ஷொப்பில், வேலை தொடங்கும்வரை சாவி சொந்தக்காரரிடமே இருக்கும். கொழும்பிலிருந்து ஒடிட்டுக்கு வந்தவர்கள் பலகை ஏன் காலி என்று கேட்டார்கள். ஆலங்குடாவில் போய்க் கேளுங்கள் என்றேன்.

சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஹாஜியார் வந்தார். பழைய கம்ப்ளைன்ட்தான், ஏசி நாற்றம். சொல்லிவிட்டு பெல்ட் பையைத் திறந்து, சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"நான் ஜும்ஆவுக்குப் போறன். நீங்க பாத்து வைங்க."

திரும்பிப் பார்க்காமல் பள்ளிவாசலுக்கு நடந்தார். அந்தச் சாவியைப் பலகையில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. காமினியிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. நானும் ஜும்ஆவுக்குப் போய், சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு கடைசி வரிசையில் தொழுதுவிட்டு, அவருக்கு முன்னால் ஓடிவந்து மேசையில் உட்கார்ந்தேன்.

அவர் வந்ததும் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"சாவி சுடுதே தம்பி. கையிலயேவா வெச்சிரிந்தீங்க?"

"ஓம் ஹாஜியார்."

"அப்ப ஏசிய யார் பாத்த?"

ஜொப் கார்ட்டை எடுத்து, அவர் சொல்லச் சொல்லப் புதுக் கம்ப்ளைன்ட்டை எழுதினேன்: 'அட்வைசர் வேலை செய்யவில்லை.'