நோன்பு பிடிக்க முடியாத மாதத்தில் ஏறாவூருக்கு

நோன்பு மாதத்தில் பயணம் போங்கள் என்று இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. பகலில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும். வெயிலில் அலைந்தால் நாக்கு வறண்டுபோகும். தங்கவைக்கிற வீட்டாருக்கும் சிரமம். இந்த வருஷம் நோன்பு பதினோராம் நாள் நான் மாத்தளையிலிருந்து ஏறாவூருக்கு பஸ் ஏறியதற்குக் காரணம் ஊர் பார்க்கும் ஆசையில்லை. உண்மையைச் சொன்னால், என் ஊர்க்காரர்களிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் போனேன்.

எனக்கு நீரிழிவு. ஒன்றரை வருஷமாகக் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறேன். போன நோன்பில் டொக்டர் சொன்னதைக் கேட்காமல் ஏழு நோன்பு பிடித்தேன். எட்டாம் நாள் பின்னேரம் அசர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதுக்குப் போனவன் எழும்பவில்லை. சீனி இறங்கி மயங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். மனைவி காலடியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். இந்த வருஷம் டொக்டர் என்னோடு பேசவேயில்லை. நேரே அவளிடம் சொன்னார்: "இவர் ஒரு நோன்பும் பிடிக்கக் கூடாது."

நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது என்பது சின்ன வயதில் ஓதப்போன காலத்திலேயே படித்ததுதான். படித்தது வேறு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் காலைச் சாப்பாடு சாப்பிடுவது வேறு. "நோன்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று தெருவில் கேட்கிறவர்களுக்குச் சிரித்து மழுப்பி மழுப்பிப் பத்து நாளில் அலுத்துவிட்டது. அப்போதுதான் யோசனை வந்தது. பயணம் போகிறவருக்கும் நோன்பில் சலுகை உண்டு. பயணத்தில் இருந்தால் ஏன் பிடிக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்களே!

போவதற்கு ஓர் இடமும் இருந்தது. கலந்தர் ஏறாவூர்க்காரன். கட்டாரில் ஆறு வருஷம் அவனும் நானும் ஒரே அறை. மேல்கட்டில் அவனுக்கு, கீழ்க்கட்டில் எனக்கு. வெயில் கொளுத்தும் மாதங்களில் கட்டிட வேலையும் பார்த்துக்கொண்டு இருவரும் ஒரு நோன்பு விடாமல் பிடித்திருக்கிறோம். அவனோடு இருந்ததில் என் பேச்சே பாதி மட்டக்களப்பாகிவிட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவன் ஊர் திரும்பி நாலு வருஷம். இடுப்பில் உடுக்கிற சாரம் விற்கிற சிறிய கடையொன்று வைத்திருக்கிறான். போன வருஷம் ஏதோ சின்ன ஒப்பரேஷன் என்று போனில் சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குறையும் மனதில் இருந்தது.

கண்டியிலிருந்து மட்டக்களப்பு போகிற பஸ் மாத்தளைக்குக் காலை 5.50க்கு வந்தது. தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழி. ஏறத்தாழ 195 கிலோமீற்றர், டிக்கட் 780 ரூபாய். வலதுபக்க ஜன்னலோரம் வேண்டாம், பொலன்னறுவை தாண்டியதும் வெயில் மடியில் வந்து உட்காரும். நான் ஹபரணையில் இறங்கி நிம்மதியாக ரொட்டி சாப்பிட்டேன். பதினொரு நாளில் யாருக்கும் ஒளிக்காமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

பகல் 12.20க்கு ஏறாவூரில் இறங்கினேன். கலந்தர் சைக்கிளோடு நின்றான். நன்றாக மெலிந்திருந்தான். கட்டிப்பிடித்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "நோன்பா மச்சான்?"

பயணத்தில் வந்தவன், இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே வந்தேன்! ஆனால் பாலைவன வெயிலில் பக்கத்தில் நின்று நோன்பு பிடித்தவனின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக "ஓம்" என்றது.

"நானும்தான், அல்ஹம்துலில்லாஹ்," என்றான் அவன். "நட, வீட்ட போவம்."

அவன் மனைவி பௌசியா அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்த அண்ணனுக்குச் செய்வதுபோல ஓர் அறையைத் துடைத்து, மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அந்த அறையில் படுத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். நாலு மணிக்கெல்லாம் கை நடுங்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. எனக்குத் தெரிந்த நடுக்கம்தான், சீனி இறங்குகிறது. பையிலிருந்த பேரீச்சம்பழம் ஐந்தைக் கையில் மறைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மென்று விழுங்கினேன். ஐம்பத்திரண்டு வயது மனுஷன். வெளியே வந்தபோது பௌசியா, "களைச்சுப் போனீங்க காக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடியுமுன் சஹருக்கு மூவரும் இருந்து சாப்பிட்டோம். ஆனால் இன்னொரு பகலை அப்படி ஓட்ட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டரை மணிக்கு, "கல்லடிப் பாலம் பார்த்துட்டு வாறன்," என்றேன். கலந்தர் கூட வருவான் என்று பயந்தேன். அவனோ அவசரமாக, "நல்லம் மச்சான், நீ போய்ட்டு வா. எனக்குச் செங்கலடியில பேங்க் வேல ஒண்டு இருக்கு," என்றான். செங்கலடி வடக்கே, கல்லடி தெற்கே. இருவரும் ஆளுக்கொரு பக்கம் புறப்பட்டோம்.

பிரதான வீதியில் கொஞ்ச தூரம் நடந்து, ஊர் எல்லை தாண்டியதும் ஓர் ஓட்டோவை மறித்தேன். ஓட்டியவர் நெற்றியில் திருநீறு.

"அண்ணே, இந்தப் பக்கம் காலைச் சாப்பாட்டுக் கடை எங்கயாவது திறந்திருக்குமா?"

அவர் என் தொப்பியைப் பார்த்தார். "தன்னாமுனையில ஒரு கடை இருக்கு. ஏறுங்க."

"நான் மருந்தெடுக்கிற ஆள், அதனாலதான்..."

"எனக்கென்னத்துக்கு அதச் சொல்றீங்க?" என்று சிரித்தார். "வருத்தக்காரர் சாப்பிடத்தானே வேணும். எங்கட அம்மாக்கும் சீனிதான். வெள்ளிக்கிழம விரதத்த விடச் சொன்னா எங்களோட சண்டைக்கு வாறா."

ஏறாவூரிலிருந்து தன்னாமுனை ஏழு கிலோமீற்றர். அவர் 600 ரூபாய் எடுத்தார். பஸ்ஸில் போனால் இதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் பஸ்ஸில் ஏறாவூர் ஆட்கள் இருப்பார்களே என்று பயம். வாவியிலிருந்து காற்று வருகிற இடத்தில், தகரக் கூரை போட்ட தேத்தண்ணிக்கடை. கடையின் அக்கா இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவராகவே, "உள்ளுக்க போய் இருங்க. நோன்பு நாளையில உங்கட ஆக்கள் அங்கதான் இருக்கிறவங்க," என்று ஒரு பூப்போட்ட திரையைக் காட்டினார்.

திரையை விலக்கினேன். உள்ளே ஒரே ஒரு மேசை. அதில் கலந்தர் இருந்தான். வாயில் இடியப்பம். கையில் தண்ணீர்க் கோப்பை.

அவன் விழுங்கினான். "மச்சான், நீ கல்லடிக்கல்லவா போன?" என்றான்.

"நீ செங்கலடிக்கல்லவா போன?"

முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. அக்கா திரைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். நான் பக்கத்தில் இருந்து அவன் முதுகில் கை வைத்தேன். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

அவன் சொன்ன சின்ன ஒப்பரேஷனில் ஒரு சிறுநீரகத்தையே எடுத்திருந்தார்கள். மற்றதிலும் கல். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்த வருஷம் நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொல்லியும், தலைநோன்பு தொடங்கி மூன்று நாள் பிடித்திருக்கிறான். நாலாம் நாள் சிறுநீர் இரத்தமாகப் போயிருக்கிறது. அதிலிருந்து இந்தத் திரைக்குப் பின்னால்தான் காலைச் சாப்பாடு. அன்றும் செங்கலடிப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு, தெற்கே வந்த பஸ்ஸில் ஏறி எனக்கு முன்னே வந்துவிட்டானாம். பௌசியாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"பள்ளிக்குத் தொழப் போனா எல்லாரும் நோன்பாளிகள், மச்சான். நான் மட்டும் வெளியில நிக்கிற மாதிரி இருக்கு. அல்லாஹ் சலுகை தந்திருக்கான் எண்டு தெரியும். ஆனா மனசு கேக்குதில்லையே."

நான் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி குத்திய தழும்புகளைக் காட்டினேன். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ரெண்டு பேரும் நல்லாத்தான் தேய்ஞ்சு போனம்," என்றான். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "எங்கட மச்சானுக்குச் சீனியில்லாத தேத்தண்ணி ஒண்டு," என்றான். ஆறு இடியப்பம், சொதி, சம்பல், தேத்தண்ணி எல்லாமாக ஆளுக்கு 240 ரூபாய் ஆனது. இத்தனை வருஷம் சுற்றியதில் இவ்வளவு ருசியான காலைச் சாப்பாடு எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு ஒன்றாகத் திரும்பினோம். என் கதையைக் கேட்ட பௌசியா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப நேத்துக் குளியலறைக்குள்ள தண்ணி ஓடினது இதுக்குத்தானா? என்ன காக்கா இது, இஞ்ச சாப்பிட்டா நான் அடிப்பனா? நாளைக்கு ரெண்டு பேரும் வீட்ட இருந்து சாப்பிடணும். நான் ஆக்கித் தருவன்."

"நீ நோன்போட ஆக்கி, நாங்க சாப்பிடவா?" என்றான் கலந்தர்.

"ஆஸ்பத்திரிக்கு உங்களக் கொண்டு ஓடினதவிட இது லேசு," என்றாள் அவள்.

அன்று பின்னேரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கலந்தர், அவர்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற குழுவில் ஒருவன். நானும் தேங்காய் துருவப் போனேன். பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்தது. எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். "நேத்துக் கஞ்சி உப்புக் கூடிட்டு, முந்தநாள் காணாது. கை அளவுல போட்டா இப்படித்தான்," என்று தலைமைச் சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே உப்பை அள்ளினார். எல்லாரும் நோன்பு, வாயில் வைத்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ! அகப்பையை வாங்கி, கஞ்சியை உள்ளங்கையில் ஊற்றி, ஊதிக் குடித்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"உப்புக் காணாது," என்றேன். "எனக்கு நோன்பில்ல. இன்சுலின் போடுற ஆள். டொக்டர் பிடிக்க வேணாமெண்டு சொல்லிட்டார்."

யாரும் வாய் திறக்கும் முன் கலந்தர் என் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கினான். அவன் முகம் சிவந்திருந்தது. தானும் ஊற்றிக் குடித்துவிட்டுச் சொன்னான்: "ஓம், காணாதுதான். எனக்கும் நோன்பில்ல. ஒரு கிட்னிதான் இருக்கு."

சமையல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அட கலந்தர், இத முந்தியே சொல்லியிருக்கக் கூடாதா? பன்னிரண்டு நாளா ஊரே உப்புக் கெட்ட கஞ்சிய குடிச்சுக்கிட்டிருக்கு!"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பக்கம் வந்து, "எனக்கும் நெஞ்சு வருத்தம். மூணு நோன்பு விட்டுட்டன், ஒருத்தருக்கும் சொல்லல்ல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை பௌசியா பிட்டும் மீன்குழம்பும் வைத்தாள். முன்கதவு திறந்தே கிடக்க, நாங்கள் சாப்பிட்டோம். பிறகு பஸ் ஏறி மட்டக்களப்புக்கும் அங்கிருந்து கல்லடிக்கும் போனோம், மொத்தம் 17 கிலோமீற்றர். இந்தமுறை பாலத்தை உண்மையாகவே பார்த்தேன். ஒன்பது மணிக்கு முன் போங்கள், வாவியில் வலை வீசுகிறவர்களைப் பார்க்கலாம். கலந்தர் தண்ணீர்ப் போத்தலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தான். பாலத்தின் நடுவில் நின்று ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான்.

நோன்பு மாதத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடி போன்ற முஸ்லிம் ஊர்களில் பகலில் சாப்பாடு கிடைக்காது, பக்கத்துத் தமிழ் ஊர்களில் கிடைக்கும். நோன்பு திறக்கிற நேரம் மாலை ஆறேகாலை ஒட்டி. அதற்கு அரை மணி முன்னிருந்து ஓட்டோ கிடைப்பது கஷ்டம். அசருக்குப் பிறகு பள்ளிகளில் கஞ்சி கொடுப்பார்கள், பாத்திரம் கொண்டுபோங்கள், யார் என்று கேட்க மாட்டார்கள். இன்சுலின் கொண்டுவருகிறவர்கள் குளிர்நீர் பிளாஸ்க்கில் வையுங்கள். இந்த வெயிலுக்குப் பையில் வைத்தால் கெட்டுவிடும். பையில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்கட்டும்.

நோயோடு இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. டொக்டரிடமும் மார்க்கம் படித்த உங்கள் ஊர் ஆலிமிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள். கலந்தர் உடம்பு தேறியதும் விட்ட நோன்புகளைப் பிடித்துத் தீர்ப்பான். எனக்கு இனித் தேறாத நோய் என்பதால் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிறேன். போன வருஷம் நான் எட்டாம் நோன்பில் மயங்கி விழுந்ததில் யாருக்கும் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. மனைவியின் கண்ணீர்தான் மிச்சம்.

நோன்பு பதினாலாம் நாள் காலை பஸ் நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். ஏறுகிற நேரத்தில் பௌசியா சாப்பாட்டுப் பொதியை என் கையில் வைத்து அழுத்தினாள். "வழியில நல்லாச் சாப்பிடுங்க காக்கா. நோன்பு திறக்கிற நேரத்தில நோன்பாளி கேட்டா அல்லாஹ் தருவானாம். எங்கட வீட்டில இப்ப நோன்பாளி நான் மட்டும்தானே. ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் கேக்கிறன்."