வருஷம் திரும்பாத வீட்டில் சீஸ் ரொட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் புனேயின் கோந்த்வாவில் காசிம் பாய் பேக்கரி வாசலில் தட்டுகள் வரிசை கட்டிவிடும். வீட்டில் பிசைந்த மாவைக் கொண்டுபோய் அவருடைய அடுப்பில் சுட்டு வாங்கிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அத்தனை பிஸ்கட் தட்டுகளுக்கு நடுவே வளையமாகப் பின்னிய சீஸ் ரொட்டி ஒன்று தெரிந்தால், அது சாந்தகுமாரியுடையது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

தூத்துக்குடியிலிருந்து சேவியருக்கு வாக்கப்பட்டுப் புனே வந்தபோது அவளுக்குச் சப்பாத்திக்கே மாவு பிசைய வராது. கான்வென்ட் ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த கோவாக்காரச் சமையல்காரியிடம் இதைக் கற்றுக்கொண்டாள். மாவை விரித்து, வெண்ணெய் தடவி மடித்து, ஆறவைத்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்து, துருவிய சீஸைத் தூவிச் சுருட்டிப் பின்ன வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. சாந்தகுமாரிக்கோ மூக்குக்கு மேலே கோபம். ஆனாலும் அந்த மாவுக்கு முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு! ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை பார்த்த சேவியர் ரொட்டி செய்கிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கிறிஸ்துமஸ் சாயங்காலம் கட்டடம் முழுக்க அவர்கள் வீட்டில்தான் இருக்கும். சாப்பிட்டு, பாடி, சத்தம் போட்டுவிட்டுத்தான் கலையும்.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் சேவியர் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை நட்சத்திரம் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். துணைக்கு வந்து தங்கியிருந்த சேவியரின் அக்கா லூர்து இதில் ரொம்பக் கறார். கட்டடத்துக்காரர்களும் மரியாதை தெரிந்தவர்கள். இந்த வருஷம் அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம், யாரும் போய் உட்கார வேண்டாம் என்று அவர்களாகவே பேசி வைத்துக்கொண்டார்கள். மேல்மாடி ரமா அதை ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சாயங்காலத்தை வெறும் வீட்டில் எப்படிக் கழிப்பது? பண்டிகைக்கு முந்தின நாள் சாந்தகுமாரி மாவை எடுத்துவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணுத சாந்தா? வருஷம் திரும்பல. ஊர்ல கேட்டா காறித் துப்புவாங்க" என்றாள் லூர்து.

"துப்பட்டும் மைனி. நானும் அவுகளும் சேந்து செஞ்ச ரொட்டி. பண்டிகை அன்னைக்கி இந்த வீட்டுல நாலு பேரு உக்காந்து திங்கலைன்னா, அவுக நெசமாவே போயிட்டாகன்னு ஆயிரும்."

சாந்தகுமாரி தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்கு நடந்தாள். ரம்ஜான் நோன்பு மாதம். காய்ந்த வாயோடு அடுப்பு முன்னால் நின்ற காசிம் பாய் அவள் தட்டை முதலில் உள்ளே தள்ளினார்.

சுட்டாயிற்று, ஆனால் யாரைக் கூப்பிடுவது? துக்க வீட்டிலிருந்து விருந்துக்கு அழைக்கும் துணிச்சல் அவளுக்கும் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று ரொட்டியை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் ரமா முறுக்குத் தட்டோடு வந்து வாசலிலேயே நின்றாள். முறுக்கை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பப் போன சாந்தகுமாரியின் கை நின்றது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவள் வீட்டில் கிடையாது. ஒரு துண்டு ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தாள்.

ரமா தட்டைப் பார்த்தாள், நாற்காலியில் இறுகிப்போயிருந்த லூர்துவைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் எழுந்துபோய் மாடியில் என்ன சொன்னாளோ, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு வந்தது. வந்தவர்கள் வாசலில் நிற்கவில்லை. பாட்டு இல்லை, சத்தம் இல்லை. தமிழிலும் மராத்தியிலும் சேவியரைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். ரமா இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாள். சாந்தகுமாரிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

எல்லோரும் போனபின் கடைசித் துண்டை லூர்து முன்னால் வைத்தாள். லூர்து வெகுநேரம் தொடவில்லை. அப்புறம் பிட்டு வாயில் போட்டாள், மெதுவாக மென்றாள்.

"சாந்தா, மாவுல உப்பே இல்லயே."

பிசைவதுதான் சாந்தகுமாரியின் வேலை, உப்புப் போடுவது சேவியர். இத்தனை வருஷமும் அவன்தான் நிதானம் பார்த்துப் போட்டான். அப்படி ஒரு வேலை இருப்பதே இந்தத் தடவை அவள் நினைப்பில் வரவில்லை. வந்தவர்கள் ஒருவர்கூட மூச்சு விடவில்லையே.

"உப்பு அவுகல்லா போடுவாக, மைனி" என்றாள்.

அடக்கத்தன்றுகூட அழாதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். லூர்து துண்டைக் கீழே வைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் தின்று முடித்துவிட்டு, எழுந்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.