முட்டை மாத்திரை

சுகந்தி மாத்திரை போடுவதற்கு ஒரு சாட்சி உண்டு. மாமியார் சண்முகவள்ளிதான் அது. காலைச் சாப்பாடு முடிந்ததும் சொம்பும் கையுமாக வந்து நின்றுவிடுவார். மருமகளின் தொண்டை அசைந்தால்தான் அவருக்கு அடுத்த வேலை ஓடும். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாயும் ஆடுமாகப் பிழைக்கும் சம்சாரி வீடு. மாமியார் கொடுமைக்காரியெல்லாம் இல்லை. பிரியமாகத்தான் நிற்பார். பிரியமாக நிற்கிறவரை எப்படிப் போகச் சொல்வது?

குழந்தைக்காக மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு முறை ஊசி போட்டு, கருமுட்டை எடுத்து, வெளியே வைத்துக் கரு வளர்த்துப் பார்த்தார்கள். கரு தேறவில்லை. மூன்றாவது முறைக்கு முன்னால் டாக்டரம்மா ஆன்டிஆக்சிடன்ட் விட்டமின் எழுதிக் கொடுத்தார்.

"முட்டை தரமா வர இது உதவலாம், உறுதியாச் சொல்ல முடியாது. இந்தத் தடவையும் சரியா வரலைன்னா நிறுத்திக்குவோம்."

'உதவலாம்' என்பது பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் 'உதவும்' ஆகிவிட்டது. வீட்டில் அதற்கு முட்டை மாத்திரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுகந்தி மனதில் நின்றது 'நிறுத்திக்குவோம்' மட்டும்தான்.

அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. வயிற்றில் ஊசி குத்தாத இடமில்லை. புருஷன் காளிதாஸிடம் வாய்விட்டே சொன்னாள்.

"என்னால முடியலங்க. விட்ருவோம்."

"கொஞ்சம் பொறுத்துக்க. அம்மா நம்பிக்கையா இருக்கு" என்றவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நல்ல மனுஷன்தான், என்ன பிரயோசனம்?

அதற்கப்புறம்தான் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கப் பழகினாள். தண்ணீரைக் குடிப்பாள், கொல்லைக்குப் போய்த் துப்புவாள், காலால் மண்ணைத் தள்ளி மூடுவாள். முட்டை சரியில்லாமல் போனால் தன்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள்.

முட்டையும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. முன்பைவிட நன்றாக வந்தது. கரு அருமையாக வளர்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா சிரித்தார். ஒன்றை உள்ளே வைத்தார்கள், அது தங்கவில்லை. மீதியை உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல கரு காத்திருக்கும்போது நிறுத்த யார் சம்மதிப்பார்கள்? எல்லாம் மாத்திரை செய்த வேலை என்று சண்முகவள்ளி தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். உடம்பு தெம்பாக இருக்கட்டும் என்று மாத்திரையும் தொடர்ந்தது, சொம்பும் தொடர்ந்தது.

போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் மாரிச்செல்வியைக் கூட்டி வந்தார். குழந்தை இல்லாத பெண். அவளையும் அதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள்.

"பாத்துக்கத்தா, தெனமும் இப்பிடித்தான் போடும். மூஞ்சியச் சுளிக்காது" என்று மாத்திரையை நீட்டினார். சுகந்தி வாங்கிப் போட்டு, தண்ணீர் குடித்தாள். சண்முகவள்ளி திருப்தியாக டீ போட உள்ளே போனார்.

சுகந்தி கொல்லைக்கு எழுந்தாள். மாரிச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவுக இல்லாதப்பக் கேக்குறேன். உண்மையச் சொல்லுங்க. நடுவுல எனக்கு முடியலைன்னா, விட்ருவாகளா?"

சுகந்தியிடம் இதுவரை யாரும் எதையும் உண்மையாகக் கேட்டதில்லை. நாக்குக்கடியில் மாத்திரை கரைந்து கசந்தது. அதை வைத்துக்கொண்டு பேச முடியாது. இந்தப் பெண்ணின் முன்னால் துப்பவும் முடியாது.

விழுங்கினாள்.

"விட மாட்டாகத்தா" என்றாள்.