ஜைலோசி ஏறினால் வண்டி போகாது

லிலோங்வே பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் கிடையாது, நிறைந்தால் கிளம்பும். ஆனால் காலி வண்டியில் ஏற யாருக்கும் மனம் வராது. ஆள் இருந்தால்தான் ஆள் ஏறும். அந்த முதல் ஆளாக இருப்பதுதான் பதினோரு வருடமாக ஜைலோசியின் தொழில். பயணி போல உட்கார்ந்திருக்கவேண்டும். அவ்வளவுதான்.

எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு காலைப்பொழுது செய்து பார்க்கலாம். போகாத ஊருக்கு அவசரமாகப் போகிற முகம் எல்லோருக்கும் அமையாது. ஜைலோசி ஜன்னலோரம் அமர்ந்து, மணி பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா உருட்டுவீங்க?" என்று ஓட்டுநரை அதட்டும்போது, நிஜப் பயணிகளுக்கே தங்கள் பயணத்தின்மேல் நம்பிக்கை வந்துவிடும். கடைசி இருக்கை நிறையும் சமயம் தண்ணீர் வாங்க இறங்குவார். அதன்பின் அடுத்த வண்டி. காலையில் பிளாண்டயர், பத்து மணிக்கு முசூசு, மதியத்துக்கு மேல் மங்கோச்சி. நாட்டில் அவர் கிளம்பாத ஊர் இல்லை, போய்ச் சேர்ந்த ஊரும் இல்லை. சொந்த ஊருக்குப் போகவேண்டி வந்தால் மக்காச்சோள லாரியில் போவார். பேருந்துகளைப் பற்றி அவருக்குத் தெரியும்.

இந்த ஜூலை மாதச் சனிக்கிழமை லாரியில் போக வழியில்லாமல் போயிற்று. அக்கா எனெலெஸின் மகளுக்கு பெங்காவில் நிச்சயதார்த்தம். பெண்ணின் தாய்மாமன் பெட்டைக்கோழியும் பையனின் தாய்மாமன் சேவலும் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளவேண்டும்; அந்தக் கல்யாணத்துக்கு இனி அவர்கள்தான் ஜாமீன். இருவரில் ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலையவேண்டியதுதான். நேரம் மதியம் இரண்டு மணி.

"லாரியில வந்து தொலைக்காத," என்று அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "பேச்சுவார்த்தைக்கு வந்தப்போ தலையெல்லாம் மாவா நின்ன. லாரிய சோதனை பண்ண வந்தான்னு சொல்லி சமாளிச்சேன். உனக்குப் போக்குவரத்துல பெரிய வேலைன்னு மாப்பிள்ளை வீட்ல நம்பிக்கிட்டிருக்காங்க. பஸ்ல வந்து மனுஷனா எறங்கு."

ஆகவே பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஜைலோசி டிக்கெட் வாங்கினார். இரவல் கோட்டு போட்டுக்கொண்டு, கோழியின் தலை மட்டும் வெளியே தெரியும் பையோடு, காலை ஆறு மணிக்கு பெங்கா வழியாகப் போகும் இங்கோட்டகோட்டா வண்டியில் உட்கார்ந்தார். அங்கேதான் வினை தொடங்கியது.

தலையில் பிளாஸ்டிக் தொட்டி சுமந்த ஒரு சந்தைக்காரம்மா படியில் கால் வைத்து, உள்ளே பார்த்து, காலை எடுத்துக்கொண்டாள்.

"ஜைலோசி உட்கார்ந்திருக்காரு. இது இப்போதைக்குப் போகாது."

"இன்னிக்கு நெஜமாவே போறேம்மா."

"நேத்தும் அதானே சொன்னீங்க அண்ணே."

"கோழியப் பாருங்க."

"பாத்தேன். தொழில்ல நல்லா முன்னேறிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் பணியாரம் தின்னப் போனாள்.

உள்ளூர்க்காரர்களுக்கு அவரைத் தெரிந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள்தான் அவருக்கு மிஞ்சியிருந்த ரசிகர்கள். எட்டு மணிக்கு அப்படி ஒருத்தி வந்தாள்: மரைகே என்ற டச்சுக்காரி, ஏரி பார்க்கப் போகிறவள். செவ்வாய்க்கிழமை பிளாண்டயர் வண்டியில் அவர் பக்கத்தில் இருந்தவள். அன்று தண்ணீர் வாங்கப் போன மனிதரை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று கால் மணி நேரம் வண்டியை மறித்தவளும் அவள்தான்.

"உங்கள் அண்ணனுக்கு உடல்நிலை எப்படி இருக்கிறது?" என்று கவலையோடு கேட்டாள்.

"தேவல," என்றார் இல்லாத அண்ணனை உடைய ஜைலோசி.

அவள் நம்பிக்கையோடு அருகில் அமர்ந்தாள். வெளியே ஒருவன் சொன்னான்: "வைசன் பெரிய ஆளாயிட்டான்டா. வெள்ளைக்காரியையே வேலைக்கு வச்சுட்டான்."

வைசன் அந்த வண்டிக்கு ஆள் கூவுபவன். ஒன்பதரை ஆகியும் உள்ளே எட்டுப் பேர்தான். அதில் மூவர் ஜைலோசியின் சக தொழிலாளிகள். வைசன் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கீழ எறங்குங்க."

"டிக்கெட் வாங்கியிருக்கேன்டா."

"நீங்க டிக்கெட் வாங்கினது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாதே. நீங்க உட்கார்ந்திருந்தா ஒருத்தன் ஏற மாட்டான். எறங்கினீங்கன்னா வண்டி கெளம்புதுன்னு அர்த்தம்."

ஜைலோசி கோழியோடு இறங்கினார். அதைக் கண்டதும் தேநீர்க் குவளைகள் கீழே வைக்கப்பட்டன. எங்கெங்கோ நிழலில் கிடந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி நிறைந்தது. அவர் இடத்தில் சந்தைக்காரம்மா தொட்டியோடு இருந்தாள். நான்கு பேர் வரிசையில் ஐந்தாவதாக, ஜைலோசி ஒரு பக்க இடுப்பை மட்டும் உள்ளே செருகிக்கொண்டார்.

"நெஜமாவே வர்றீங்களா?" என்றாள் அவள், முதல்முறையாகப் பயந்துபோய்.

இன்ஜின் உறுமியதும் ஜைலோசியின் கால்கள் பழக்கதோஷத்தில் தாமாக எழுந்தன. மரைகே கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

சலிமா வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். மரைகேயும் இன்னும் பத்துப் பேரும் இறங்கினார்கள். பெங்காவுக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி, இரண்டுக்குள் போய்விடலாம். அப்போதுதான் பக்கத்தில் நின்ற மற்றொரு இங்கோட்டகோட்டா வண்டியைப் பார்த்தார். அதன் ஜன்னலில் ஒரு சேவல். சேவலுக்குப் பின்னால் டை கட்டிய கெனாசி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பையனின் தாய்மாமன். கூட நாலு உறவினர்கள்.

"வாங்க சம்பந்தி," என்று கெனாசி உற்சாகமாகக் கையசைத்தார். "எட்டு மணிலேர்ந்து உட்கார்ந்திருக்கோம். இன்னும் அஞ்சே பேர். இதோ கெளம்பிடும்."

ஜைலோசி அந்த வண்டிக்குள் ஒரு கண் ஓட்டினார். மூட்டை முடிச்சு இல்லாதவர்கள் நால்வர். அதில் ஒருவன் கடிகாரமே இல்லாத மணிக்கட்டைப் பார்த்து அலுத்துக்கொண்டான். நல்ல வேலைக்காரர்கள். மூன்று மணிக்கு முன் இது நகராது.

வாயை மூடிக்கொண்டு போனால், மாற்றிக்கொள்ள சேவல் இல்லாமல் கோழியோடு உட்கார்ந்திருக்கவேண்டும். வாயைத் திறந்தால் போக்குவரத்து அதிகாரி என்ற பெயர் போய்விடும். உட்கார்ந்து பொய் சொல்லிப் பிழைப்பவன் ஒரு கல்யாணத்துக்கு எப்படி ஜாமீன் நிற்பான் என்று கேட்டுவிட்டால் பெண்ணின் கதி என்ன? யோசித்துக்கொண்டே இறங்கிப்போய் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"எறங்குங்க சம்பந்தி. இது போகாது. எங்க வண்டியில இடம் இருக்கு."

"ஆபீஸ்லேர்ந்து தகவலா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் நீலத் தொப்பிக்காரன் ஒருவன், "அவரு பேச்ச நம்பாதீங்க ஐயா. நான் எங்கம்மா சாவுக்கு அவசரமா போறேன்," என்றான்.

ஜைலோசிக்குத் தொழில்முறை எரிச்சல் வந்துவிட்டது. சாவைச் சொல்வது கற்றுக்குட்டிகளின் வேலை.

"இவன் போகல. அந்த மஞ்சத் துணிக்காரம்மா போகல. பின்னாடி தூங்கற மாதிரி இருக்காரே, அவரும் போகல. அவருக்கு முன்னாடி இருக்கறவரும்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ் எல்லாம் ஒண்ணும் இல்ல சம்பந்தி. லிலோங்வேல நானும் இதத்தான் செய்யறேன்."

தூங்கியவர் கண்ணைத் திறந்து, "துரோகி," என்றார். கெனாசி விடைத்தாள் திருத்துகிற பார்வையில் ஜைலோசியை நெடுநேரம் பார்த்தார்.

"போன ஈஸ்டருக்கு, பிளாண்டயர் வண்டியில, கறுப்புக் கண்ணாடி."

"நான்தான்."

"நாலு மணி நேரம் என் மூட்டுவலி, பென்ஷன், தம்பி பொண்டாட்டி, எல்லாத்தையும் கேட்டீங்க."

"கேட்டேன்."

"நெஜமா கேட்டீங்களா, அதுவும் நடிப்பா?"

"எடது மூட்டு. தம்பி பொண்டாட்டி நெலத்து வேலிய ரெண்டடி நகத்திட்டாங்க."

கெனாசி சேவலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கல்யாணம் ஆனப்புறம் மாமனுங்க வேலை வேற என்ன," என்று தன் ஆட்களிடம் சொன்னார். "ரெண்டு பேர் சண்டையையும் எழுந்து போகாம கேக்கணும். எறங்குங்க எல்லாரும்."

இரண்டேகாலுக்கு பெங்கா போனார்கள். மூன்று மணிக்குக் கோழிகள் கை மாறின. சாப்பாடு முடிவதற்குள் விஷயம் அக்காவின் காதுக்கு எட்டிவிட்டது. தம்பியை வீட்டுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"பதினோரு வருஷம் பொய் சொன்ன. இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டியாடா?"

"தாங்கியிருப்பேன்," என்றார் ஜைலோசி. "வண்டி போகாதுக்கா."