ஏரி உறையும்வரை பச்சை இல்லை

எங்கள் வீட்டில் யாரும் உறைபனியைப் பார்த்ததில்லை. அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஜோலார்பேட்டைப் பக்கம். நான் வளர்ந்தது உருதுவும் தெலுங்கும் பேசும் ஊரில், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில், இப்போது குடியிருப்பது சைனிக்புரியில். டிசம்பர் காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கையைத் தேய்க்கிற குளிர்தான் எனக்குத் தெரிந்த குளிர். அப்படிப்பட்ட என்னிடம்தான் ஸ்னோமொபைல் பாதைகளின் வரைபடத்தைக் கொடுத்தார்கள்.

நான் வேலை செய்வது அமீர்பேட்டில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் பல ஸ்னோமொபைல் சங்கங்கள் சேர்ந்து எங்களிடம் ஓர் இணையதளம் கேட்டிருந்தன. ஸ்னோமொபைல் என்றால், முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னால் சுழலும் ரப்பர் பட்டையும் வைத்து, பைக்கில் உட்காருவதுபோல் உட்கார்ந்து பனிமேல் ஓட்டும் வண்டி. வண்டிக்காரர்கள் ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் கட்டவேண்டும். கட்டினால் காட்டுக்குள்ளும் வயல்களின் மேலும் ஓடும் பாதைகளில் போகலாம். வரைபடத்தில் மூடிய பாதை சிவப்பு, திறந்த பாதை பச்சை. முதல் பருவம் என்பதால், நிறம் மாற்றும் பொத்தானை எங்களிடமே வைத்திருந்தார்கள். எனக்கு வந்த பகுதிக்கு அந்தப் பக்கத்துப் பொறுப்பாளர், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எனக்குக் காலையாகும்போது அவருக்கு முந்தின நாள் சாயங்காலம். இட்லி வேகும் நேரத்தில் அவர் அழைப்பு வரும். ஆங்கிலத்தில்தான் பேசினோம்; என் மனசில் அது தமிழாகவே தங்கிவிட்டது.

நவம்பர் கடைசியில் அங்கே பனி கொட்டியது. அடுத்த காலை என் திரை முழுக்கக் கோபமான செய்திகள். "கட்டணம் கட்டிவிட்டேன். வாசலில் முழங்கால் அளவு பனி. ஏன் இன்னும் சிவப்பு?" எனக்கும் அதே கேள்விதான். அம்மாளிடம் கேட்டேன்.

"அதுதான் பிரச்சினையே. பனி சீக்கிரமா வந்துடுச்சு," என்றார்.

"பனி வரணும்னுதானே காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"பனி ஒரு கம்பளி மாதிரிம்மா. பாதை போற வழியில சதுப்பு இருக்கு. அது உறையறதுக்கு முன்னாடி மேல கம்பளி போத்திட்டா, அடியில இருக்கிற சேறு வெதுவெதுப்பாவே கிடக்கும். மேல பார்த்தா வெள்ளையா அழகா இருக்கும். வண்டி ஏறினா முங்கிடும்."

அதற்கு அவர்கள் செய்தது இன்னும் விசித்திரம். பனியை மிதித்து இறுக்க, சங்கத்து ஆட்கள் அகலமான பனிக்காலணி கட்டிக்கொண்டு சதுப்பின்மேல் நடந்தார்கள். இறுகிய பனி வழியாகக் குளிர் கீழே இறங்குமாம். குளிரைப் பிடித்து நிலத்துக்குள் அனுப்புகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். மெட்ரோவில் நின்றுகொண்டு போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அம்மாள், பாதையில் ஒரு துண்டை வரைபடத்திலிருந்தே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நீளமான கோடு நடுவில் அறுந்து நின்றது.

"அது அரசாங்கப் பாதை இல்லையா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் அடுத்தவங்க நிலம்தான். விவசாயிங்க. வருஷா வருஷம் போய்க் கேட்போம். சரின்னா பாதை உண்டு."

"வாடகை?"

"வாடகையா? இல்ல. சும்மாதான் விடுறாங்க."

எங்கள் தெருவில் ஒரு காம்பவுண்ட் சுவர் பக்கத்து மனைக்குள் கொஞ்சம் நகர்ந்ததற்கு இரண்டு வீடுகள் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைகின்றன. அங்கே முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வயலுக்குள் வண்டியோட்டச் சம்மதிக்கிறார்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதுவரை எனக்கு அது வெறும் கோடு. அன்று பார்த்தபோது, அந்தக் கோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் யாரோ ஒருவர் வாசலில் நின்று "சரி" என்று சொன்னது தெரிந்தது.

இந்த வருஷம் ஒரு விவசாயி "இல்லை" என்றிருந்தார். போன குளிர்காலத்தில் சிலர் பாதையை விட்டு விலகி, அவர் புதிதாக நட்டிருந்த பைன் கன்றுகளின் மேல் வண்டியை ஏற்றிவிட்டார்களாம்.

"கெஞ்சிப் பார்க்கலையா?"

"எதுக்கு? அவர் சொல்றது நியாயம்தானே. இவ்வளவு நாள் விட்டதுக்கு நன்றி சொல்லிட்டு வந்தோம்."

பக்கத்துத் தோப்புக்காரர் இடம் கொடுத்தார். சனி ஞாயிறுகளில் சங்கத்து ஆட்கள் ரம்பங்களோடு போய்ப் புதர்களை வெட்டி வழி செய்தார்கள். அம்மாள் இடம்காட்டும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழி முழுக்க நடந்து, பதிவானதை எனக்கு அனுப்பினார். அதைப் பார்த்து நான் வரையவேண்டும். கோடு புழுப்போல் நெளிந்தது. கருவியின் கோளாறு என்று நினைத்து, நேராக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, தொட்டுடாதே! ஒவ்வொரு வளைவும் ஒரு மரம். பெரிய மரம் ஒண்ணுகூட விழக்கூடாதுன்னு சொல்லித்தான் அவர் இடம் கொடுத்தார்."

இரண்டு நாள் உட்கார்ந்து, மரம் மரமாகச் சுற்றி அந்தக் கோட்டை வரைந்தேன். என் வேலையில் அவ்வளவு பயபக்தியோடு நான் எதையும் செய்ததில்லை.

சதுப்பு உறைந்தது. மிச்சமிருந்தது ஏரி. பாதை அதன் குறுக்கே போகிறது. ஒரு காலை அம்மாள் வீடியோவில் அழைத்தார். அப்பா சாப்பாட்டு மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்குப் போகும் என் மகள் எதிரில் உட்கார்ந்து ஊத்தப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இருட்டு. நடுவில் ஒரு வெளிச்சம்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, தலையில லைட்டக் கட்டிக்கினு யாரோ நிக்கிறாங்க?"

"நான் சொல்வேனே, அந்த அம்மாதான்ப்பா. ஏரிமேல நிக்கிறாங்க."

"ஏரி மேலயா! கைக்கு? எதுக்கு இந்த வயசுல?"

அம்மாளின் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. கரையில் இருவர் அதைப் பிடித்திருந்தார்கள். துளைபோடும் கருவியை ஊன்றிச் சுற்றி, கோலை இறக்கி ஆழம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, "பேசாம கேளுங்க," என்றார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எங்கோ வெகுதூரத்திலிருந்து, முறுக்கி இழுத்த கம்பியைச் சுத்தியலால் தட்டியதுபோல ஓர் ஒலி எழுந்தது. அது ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடியது. ஓட ஓட மெலிந்தது. அது அடங்குவதற்குள், அடியில் பெரிய மிருகம் ஒன்று புரண்டதுபோல இன்னொன்று.

"தண்டவாளம்!" என்றார் அப்பா. "ரயில் வர்றதுக்கு முன்ன இப்படித்தான் சத்தம் குடுக்கும்."

"தாத்தா, இட்ஸ் தி ஐஸ்," என்றாள் மகள். அவள் குரலும் இறங்கியிருந்தது.

குளிர் ஏற ஏறப் பனிக்கட்டி இறுகும், இறுகும்போது பாடும் என்று அம்மாள் சொன்னார். அப்பா போன் பக்கம் குனிந்து, அவருக்குத் தெரிந்த ரயில்வே ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டார்: "மேடம், ஹூ கிவ்ஸ் லைன் கிளியர்?"

அம்மாளுக்குப் புரியவில்லை. ரயில் போகலாம் என்று அனுமதி தருவதை அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன்.

"நானும், கயிறு பிடிக்கிற இந்த ரெண்டு பேரும். மூணு பேரும் சரின்னாத்தான் திறப்போம். இன்னைக்கு இவங்க சரிங்கறாங்க, நான் மாட்டேங்கறேன். ஓடை வந்து கலக்கிற இடத்துல இன்னும் மெல்லிசா இருக்கு."

மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா தலையாட்டினார். "ஹவ், ஆமா, அதான் சரி. ஒருத்தர் கையில வுடக்கூடாது."

கோபச் செய்திகள் தொடர்ந்தன. எனக்கு இப்போது பதில் எழுதத் தயக்கம் இல்லை. ஓடை கலக்கும் இடம் இன்னும் உறையவில்லை, நாளை மறுபடி பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் தன் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்.

ஜனவரியில் ஒரு காலை அம்மாளின் குரலிலேயே செய்தி தெரிந்தது. "மூணு பேரும் சரின்னுட்டோம். ஆனா உடனே அமுக்காதே. முதல்ல உனக்குப் பாதையைக் காட்டறேன்."

பனியைச் சமன்செய்யும் பெரிய வண்டியின் கண்ணாடியருகே போனைப் பொருத்தியிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் பாதை விரிந்தது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள், பனியின் பாரத்தில் கிளைகளைத் தொங்கவிட்டு நின்றன. நட்சத்திரங்களுக்குள் போய்க்கொண்டிருப்பதுபோல, பனித்துகள்கள் எங்களை நோக்கி வந்து விலகின. எங்கள் சமையலறையில் குக்கர் விசில் போட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு மான் பாதையில் வந்து நின்றது. அம்மாள் வண்டியை நிறுத்தினார். மான் எங்களைப் பார்த்தது என்றே எனக்குத் தோன்றியது. பிறகு நிதானமாக மரங்களுக்குள் போனது.

தோப்புக்குள் வண்டி நுழைந்ததும் என்னையறியாமல் சொன்னேன்: "இப்ப இடது பக்கம் திரும்பும். உடனே வலது. பக்கத்துல ரொம்பப் பெரிய மரம் ஒண்ணு இருக்கணும்."

வண்டி இடதுபுறம் திரும்பி, வலதுபுறம் வளைந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மரம் வெளிச்சத்தில் வந்து நின்றது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்று சிரித்தார் அம்மாள்.

"நான்தானே வரைஞ்சேன்."

ஆனால் வரைந்தபோது அது இவ்வளவு உயரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. விளக்கு எட்டிய மட்டும் தண்டுதான் தெரிந்தது. மேலே இருட்டு. ஏரிக்கரை வந்ததும் அவர் "இப்ப," என்றார். பொத்தானை அழுத்தினேன். சிவப்புக் கோடு பச்சையானது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அம்மாள் அந்த விவசாயியின் வாசலில் மறுபடி போய் நின்றார். கன்றுகளைச் சுற்றி வேலி போட்டுக் கொடுத்தால் விடுகிறேன் என்றாராம். சங்கத்துக்காரர்கள் வேலி போட்டார்கள். அறுந்த கோட்டைச் சேர்த்தேன். தோப்பு வழியையும் அழிக்கவேண்டாம், இருக்கட்டும் என்றார் தோப்புக்காரர்.

நிறம் மாற்றும் பொத்தான் இப்போது அவர்கள் கைக்கே போய்விட்டது. ஆனாலும் அம்மாள் காலையில் அழைப்பதை நிறுத்தவில்லை. இன்றைக்கும் பேசினார். சதுப்பு இறுகிவிட்டதாம். ஏரியில் மட்டும் ஓடை கலக்கும் இடத்தில் இன்னும் தண்ணீர் தெரிகிறதாம்.